கம்பளி போர்த்திய படகு

தொண்ணூறுகளோட கடைசி. கார்த்திகை மாசத்து அடைமழை. இலங்கை மலையகத்துல மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பேரு வேண்டாம், அதோட கீழ்ப் பிரிவுலதான் இது நடந்துச்சு. இப்ப நான் ஒரு பாடசாலையில டீச்சர். அப்ப லயத்துக் காம்பராவுல, வரிசை வீட்டு ஒத்தை அறையில, உக்காரவும் முடியாம நிக்கவும் முடியாம, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகிட்டே இருந்த பொம்பளப்பிள்ளை. பொறுமைங்கிறதைக் கையில குடுக்காமலே ஆண்டவன் என்னை அனுப்பி வச்சுட்டான்னு எங்கம்மா சொல்லும். பொய் இல்ல. சோறு வெந்துச்சான்னு மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அதை வேக விடாம பண்ணுற ஆளு நான்.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன், இல்லாட்டி விசயம் புரியாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க பள்ளத்தாக்குக்குக் குறுக்கே ஒரு அணை கட்டினாங்க. தண்ணி ஏறினதும் பழைய ரோடு அடியில போயிருச்சு. மேல சுத்திப் போற மாதிரி புது ரோடு ஒண்ணு வெட்டிக் குடுத்தாங்க. வெயில் காலத்துல அதுல லொறி போகும். மழைக்காலத்துல ரோடே போயிரும். மண் சரிஞ்சு ஓடைப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னா ஆபீஸ், ஃபேக்டரியோட சேர்ந்து எங்க தோட்டமே தனித் தீவுதான். அப்புறம் அக்கரைக்குப் போய் பசறை பஸ் பிடிக்கணும்னா படகு ஒண்ணுதான் வழி.

அந்தப் படகு, அணை கட்டினவங்க வேலை முடிஞ்சு விட்டுட்டுப் போன பழைய ஃபைபர் கிளாஸ் படகு. பின்னால ஒரு மோட்டார். கயித்தைச் சுண்டி இழுத்தா இருமும், தும்மும், அதுக்கு மனசு வந்தா ஓடும். எங்க வாலிபர் சங்கம்தான் அதைப் பொறுப்பெடுத்து ஓட்டுச்சு. "மலையில கப்பல் விடுறவங்க வந்துட்டாங்கய்யா"ன்னு பசறைக் கடைத்தெருவுல எங்களைக் கேலி பண்ணுவாங்க.

படகைப் பார்த்துக்கிறது எங்கண்ணன். கொழும்புல தண்ணித் தாங்கி செய்ற ஒரு ஃபைபர் பட்டறையில சில வருசம் வேலை செஞ்சுட்டுத் திரும்பி வந்தவன். எனக்கு நேர் எதிர். பீடி பத்த வைக்கவே பத்து நிமிசம் எடுப்பான். வருசா வருசம் படகைக் கரையேத்தி, பாசியைச் சுரண்டி, கழுவி, வெடிப்பு இருந்தா ஒட்டி, புதுசா பெயிண்ட் அடிச்சு இறக்குவான். அந்த வருசமும் அப்படித்தான் ஏத்தினாங்க. கவுத்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால அடிப்பக்கம் பூரா தட்டிக்கிட்டே போனான். நல்ல இடம் 'டக்'குன்னு சொல்லும். தண்ணி ஊறின இடம் 'பொத்'துன்னு சொல்லும். முன்பக்கத்துக்குக் கீழ ஒரு இடத்துல நல்லா 'பொத்'துன்னு சொல்லுச்சு.

என்னடான்னு பார்த்தா, அவன் கொழும்புல இருந்த காலத்துல யாரோ ஒரு புண்ணியவான் லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பூசுற தாரைக் காய்ச்சி வெடிப்பு மேல அப்பியிருக்கான். வெளிய பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள தண்ணி புகுந்து, தட்டுத் தட்டா இருக்கிற ஃபைபர் எல்லாம் ஊறி உரிஞ்சு போச்சு. "கூரைக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக"ன்னு அண்ணன் திட்டிக்கிட்டே தாரைச் சுரண்டினான். கெட்டுப்போன இடத்தைப் பூரா வெட்டி எடுத்தான். கை போற அளவுக்கு ஓட்டை.

ஓரத்தைத் தேய்ச்சுச் சரிவாக்குறதுக்கு நானும் சேண்ட் பேப்பரை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். யாரு சொன்னா உக்காருன்னு? சும்மா இருக்க முடியாத குணம். தேய்க்கும்போது பறக்கிறது கண்ணாடித் தூள்னு அப்புறம்தான் தெரியும். கை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெய் பூசினேன், அடுப்புச் சாம்பல் தேய்ச்சேன், ஒண்ணும் கேக்கல. அந்த அரிப்போடதான் அந்த வாரம் பூரா நான் நடமாடினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில அண்ணன் ஓட்டை மேல மேட் வச்சு, ரெசின்னு சொல்ற நெடியடிக்கிற பிசினைப் பூசினான். வெள்ளையா பஞ்சுப் பாய் மாதிரி இருக்கிற மேட், ரெசினைக் குடிச்சதும் கண்ணாடி மாதிரி ஆயிரும். உள்ள காத்துக் குமிழி நிக்காம பிரஷ்ஷால குத்திக் குத்தி எடுக்கணும். ரெசின் இறுகுறதுக்குக் கலக்குற ஹார்ட்னர் போத்தல்ல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. அதைச் சொட்டு விடாம வடிச்சுக் கலந்தான். "சாயங்காலத்துக்குள்ள கல்லா ஆயிரும்"னு சொல்லிட்டுப் பீடியை எடுத்தான்.

அன்னைக்கு மத்தியானம்தான் தோட்டத்து ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்துச்சு. எங்க கடிதமெல்லாம் ஆபீஸுக்குத்தான் வரும், அங்க கிடந்து ஊறி, யாராவது கீழ்ப் பிரிவுக்கு இறங்கும்போதுதான் கைக்கு வரும். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறாங்க, திங்கக்கிழமை முற்பகல் பதுளையில நேர்முகப் பரீட்சைக்கு வரவும்னு போட்டிருந்துச்சு. இந்தத் திங்கள்! அதுக்கு முந்தின தடவை கூப்பிட்டப்போ பாலம் உடைஞ்சு போக முடியாமப் போச்சு. அடுத்த தடவை கூப்பிட்டா எனக்கு வயசு தாண்டியிருக்கும். இது போச்சுன்னா, அம்மா மாதிரி கூடையைத் தூக்கிக்கிட்டு மலையேற வேண்டியதுதான். அது கேவலம்னு சொல்லல. ஆனா நான் விளக்கு வெளிச்சத்துல கண்ணு பொங்கப் படிச்சது அதுக்கில்லையே.

பாலம் அந்த வாரம்தான் போயிருந்துச்சு. ஓடையில யானை இறங்கினாலும் அடிச்சுக்கிட்டுப் போற வெள்ளம். அக்கரையில மீன் பிடிக்கிற சிங்கள ஆளுங்ககிட்ட ஒரு சின்னத் தோணி இருக்கு, ஆனா அந்தக் காத்துல அதை இறக்க மாட்டாங்க. ஆக, என் வாழ்க்கை பூராவும் கவுத்துப் போட்ட அந்தப் படகோட முதுகுல, பலாப்பழப் பால் மாதிரி ஒட்டிக்கிட்டு நின்ன ரெசின்ல இருந்துச்சு.

சாயங்காலம் போய்த் தொட்டேன். ஒட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டேன். ஒட்டுச்சு. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வச்சு, குடிக்காம மறுபடி போய்த் தொட்டேன். "உன் கைரேகை பூரா அதுல பதிஞ்சிருக்குடி, போலீஸ்ல குடுத்தா உன்னைத்தான் பிடிப்பாங்க"ன்னு அண்ணன் கத்தினான். அப்புறம் அவனும் வந்து தொட்டுப் பார்த்தான், அவன் முகமும் சுருங்கிப் போச்சு. குளிருக்கும் ஈரத்துக்கும் ரெசின் இறுகாதாம். ஹார்ட்னர் வேற கம்மி. கொழும்புச் சூட்டுல பழகினவன் எங்க ஊர் மழையைக் கணக்குல எடுக்கல. இன்னும் கொஞ்சம் ஹார்ட்னர் வாங்கிட்டு வரலாம்னா, அதுக்கும் அக்கரைக்குத்தான் போகணும். நான் வாய்விட்டுச் சிரிச்சேன். அழுகைக்குப் பதிலா வந்த சிரிப்பு அது.

சனிக்கிழமை விடிஞ்சதும் அண்ணனும் நாலஞ்சு வாலிபர்களும் படகைத் தூக்கிக் கொழுந்து மடுவத்துக்குள்ள வச்சாங்க. கொழுந்து நிறுக்கிற கொட்டகை அது. தகரக் கூரை, மூணு பக்கம் சுவர், மழை அடிக்காது, காத்து அடிக்காது. கொஞ்சமாவது கதகதப்பு இருக்கும். நல்ல யோசனைன்னு எல்லாரும் தலையாட்டினோம். தோட்டத்துலயே பிறந்து வளந்தவங்க நாங்க, ஒருத்தருக்கும் புத்தி வேலை செய்யல பாருங்க.

மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். பொம்பளைங்க எல்லாம் கூடையோட வரிசையில நிக்கிறாங்க. ஃபேக்டரியில இருந்து தேயிலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அன்னைக்குன்னு பார்த்து மடுவத்துக்கு வந்தாரு. வாசல்லயே நின்னுட்டாரு. மூக்கைச் சுளிச்சாரு. "என்னடா வாசம் இது?" அவ்வளவுதான். அவர் சத்தம் போட்டதை அந்த மலையே கேட்டிருக்கும். தேயிலை மாதிரி வாசத்தைக் குடிக்கிற சாமான் உலகத்துல கிடையாது. பக்கத்துல மண்ணெண்ணெய் வச்சா மண்ணெண்ணெய் வாசம், வெங்காயம் வச்சா வெங்காய வாசம். "இந்த நாத்தம் ஒரு கூடைக் கொழுந்துல பிடிச்சா, அது ஒரு நாள் தேயிலையையே கெடுக்கும். அப்புறம் யாரு பதில் சொல்றது? நீயா? உன் கப்பலா?"ன்னு அண்ணனைக் கேட்டாரு. அவர் கேட்டது நியாயம்தான். வரிசையில நின்ன பொம்பளைங்க ஒருத்தர் பாக்கியில்லாம அதைக் கேட்டுக்கிட்டு நின்னாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். படகை மறுபடி தூக்கிக் கோயிலுக்குக் கீழ ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி அதுக்குள்ள கவுத்து வச்சாங்க. மழை மூணு பக்கமும் சாரல் அடிச்சுச்சு.

நான் வீட்டுக்கு வந்து பொட்டியை உதைச்சேன். சேலையை மடிச்சேன், பிரிச்சேன், மறுபடி மடிச்சேன். நீந்தியே போறேன்னு சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது. "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கலையாடி?"ன்னு அம்மா கேட்டுச்சு. "ஆற விட்டதாலதானே காயாமக் கெடக்கு, அதுக்குச் சூடு வேணும்மா!"ன்னு நான் கத்தினேன். கத்தினது சுவர் தாண்டி அடுத்த காம்பராவுக்கும் கேட்டிருக்கணும்.

அடுத்த காம்பராவுல ஒரு அத்தை இருந்துச்சு. சொந்த அத்தை இல்ல, லயத்து முறைக்கு அத்தை. அதோட ஆடு எங்கம்மாவோட முட்டைக்கோவாப் பாத்தியை மேஞ்சதுல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. வருசக்கணக்கா. அம்மா வெளிய வந்தா அது உள்ள போகும், அது வெளிய வந்தா அம்மா காறித் துப்பும்.

ஞாயித்துக்கிழமை காலையில, வேலையில்லாத நாளு, அந்த அத்தை எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. கக்கத்துல ஒரு கம்பளி. கையில சுடுதண்ணி ஊத்தி மூடின பால்மா டின். எங்களைப் பார்க்காம, வாசக்கால்கிட்ட பேசுற மாதிரி சொல்லுச்சு.

"குளிருல கெடக்கிறவனுக்கு என்ன செய்வோம்? ஒத்தடம் குடுப்போம், கம்பளியப் போத்துவோம். படகுன்னா மட்டும் வேற சாதியா?"

அம்மா எழுந்து அடுப்புல விறகைத் தள்ளுச்சு. பெரிய வாளியை எடுத்து வச்சுச்சு.

அண்ணன் முதல்ல பயந்தான். ரெசினும் தின்னரும் கிடக்கிற இடம், தணல் கொண்டு வந்தா பத்திக்கும், ஒருத்தரும் நெருப்போட கிட்ட வரக்கூடாதுன்னு கையை விரிச்சு மறிச்சுக்கிட்டு நின்னான். சூடு மட்டும் வரட்டும், ஆவியும் வரக்கூடாது, மூடி இறுக்கமா இருக்கணும்னான். கவுத்துப் போட்ட படகுக்கு அடியில, வயித்துக்குள்ள, ஒவ்வொண்ணா வச்சோம். பால்மா டின், எண்ணெய் டின், லயத்துக்குப் பின்னால கிடந்த சாராயப் போத்தல் எல்லாம் சுடுதண்ணி நிரப்பித் துணி சுத்தி. ஒரு கிழவி அம்மிக் குழவியை அடுப்புல போட்டுச் சூடாக்கி, சாக்குல சுத்தி, பச்சைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி ஏந்திக்கிட்டு வந்துச்சு. "இது ஆற நேரம் எடுக்கும்டா, வச்சுப் பாரு"ன்னு சொல்லுச்சு. அண்ணனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

மேல போர்த்தணும். படங்குத் துணி சூட்டைப் பிடிக்காது. அத்தை தன்னோட கம்பளியை விரிச்சுச்சு. கருப்புக் கம்பளி. மழையில கொழுந்து எடுக்கிறவங்களுக்கு அதுதான் எல்லாம். தலையில இருந்து முட்டி வரைக்கும் மூடிக்கிட்டு, கூடைக் கயித்தை அதுக்கு மேல மாட்டிக்கிட்டு மலையேறுவாங்க. ரெசின்ல ஒட்டாம இருக்க மூங்கில் பிளாச்சை வளைச்சு நட்டு, அது மேல கம்பளியைப் போட்டோம். ஒண்ணு பத்தல. பேச்சு பரவினதும் ஒவ்வொரு காம்பராவுல இருந்தும் ஒவ்வொண்ணா வந்துச்சு. அம்மாவும் தன்னோடதைக் கொண்டு வந்து, அத்தையோட கம்பளிக்குப் பக்கத்துல போட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல, ஆனா மடிப்பை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா இழுத்துச் சரி பண்ணினாங்க. கடைசியில அந்தப் படகு, காய்ச்சல் வந்து போர்த்திப் படுத்த ஆள் மாதிரியே இருந்துச்சு.

அன்னைக்குப் பூரா லயத்துல எந்த அடுப்பும் அணையல. ஆறின டின் போகும், சூடான டின் வரும். நான்? நான் அடுப்புக்கும் படகுக்கும் ஓடினேன், இடையில கம்பளியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "தூக்காதடி, சூடு போகுது!"ன்னு எல்லாரும் என்னைத் திட்டினாங்க. அத்தை என் கையைப் பிடிச்சு இழுத்து, பக்கத்துல உக்கார வச்சு, தேங்காய் சிரட்டையை நீட்டி, "இந்தா, உனக்கு அரிக்குதுல்ல, முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காரு"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கம்பளிக்குள்ள இருந்து ரெசின் வாசம் குப்புன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. சூடாக ஆக வாசமும் கூடுச்சு. கண்ணு எரிஞ்சுச்சு. எனக்கு அதைப் பத்தி எல்லாம் யோசனையே இல்ல.

பொழுது சாயுற நேரம் அண்ணன் கம்பளியை விலக்கி, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடிச்சுத் தட்டினான். 'டக்.' இன்னொரு தரம் தட்டினான். 'டக்.' அவன் என்னைப் பார்த்தான். நான் தொட்டேன். ஒட்டல. நகத்தால கீறினேன். கீறல் விழல. ஐயோ சாமி, நான் அந்தப் படகையே கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். பெயிண்ட் அடிக்க நேரமில்ல. புது ஒட்டு வெளிறிப்போய், சட்டையில போட்ட ஒட்டுத் துணி மாதிரி தெரிஞ்சுச்சு. இருக்கட்டும்னான் அண்ணன்.

திங்கக்கிழமை காலையில நான் எழும்பும்போதே அம்மா வேலைக்குப் போயிருச்சு. எனக்குக் கோவம். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நேர்முகப் பரீட்சைக்குப் போறேன், விபூதி பூசி அனுப்பக் கூடவா நேரமில்ல? முணுமுணுத்துக்கிட்டே சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகி, சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில சுத்தி நெஞ்சோட கட்டிக்கிட்டுக் கரைக்கு இறங்கினேன். அண்ணன் படகை இறக்கி மோட்டாரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். பத்துப் பதினஞ்சு இழுப்புக்கு அப்புறம் அது இருமி, தும்மி, ஓடத் தொடங்குச்சு.

கரையை விட்டதும் என் கண்ணு அந்த ஒட்டை விட்டு நகரல. உள் பக்கம் கையை வச்சுத் தடவிக்கிட்டே இருந்தேன். ஈரமா, மழைத் தண்ணியா, ஒழுகுதா? படகுக்குள்ள மழை நிறைய நிறைய நான் வாளியால அள்ளி ஊத்தினேன். பெரிய அலை ஒண்ணு முன்பக்கத்துல மோதி, படகு தூக்கி அடிச்சுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பார்த்தா ஒட்டு அப்படியே இருக்கு. ஒரு சொட்டு இல்ல.

அப்பத்தான் நிமிந்து பார்த்தேன். நடு நீர்த்தேக்கத்துல இருந்து பார்த்தா எங்க மலை பூராத் தெரியும். மழைக்காலத்துல பச்சை மேல கருப்புப் புள்ளி புள்ளியா கம்பளி போர்த்தின ஆளுங்க வரிசையா நிப்பாங்க, சின்ன வயசுல இருந்து பார்த்த காட்சி. அன்னைக்கு ஒரு கருப்புப் புள்ளிகூட இல்ல. செகப்பு, மஞ்சள், நீலம். சேலை நிறம். தலையில உரப்பை போட்டவங்க சில பேரு. மத்தவங்க தலையில ஒண்ணுமே இல்ல. அந்தக் கொட்டுற மழையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க.

"அண்ணே, கம்பளி எங்க?"ன்னு கேட்டேன். அண்ணன் மோட்டாரைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டான். நான் விடல. கடைசியில சொன்னான். காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக் களத்துல கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கம்பளியா மோந்து பார்த்தாராம். ரெசின் வாசம் வர்ற கம்பளியோட ஒருத்தரும் கொழுந்துக்குள்ள இறங்கக் கூடாதுன்னு டீமேக்கர் சொல்லி அனுப்பிட்டாராம். வேணும்னா வீட்டுக்குப் போங்க, இன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. இல்லாட்டி கம்பளி இல்லாம இறங்குங்க. பொம்பளைங்க கம்பளியைச் சுருட்டிக் களத்துல வச்சுட்டு இறங்கிட்டாங்களாம்.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சனிக்கிழமை டீமேக்கர் கத்தினப்போ எல்லாரும் அங்கதானே நின்னாங்க. தெரியாம இருக்குமா?"

எல்லாருக்கும் தெரியும். அந்த அத்தைக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். முதல் கம்பளியை விரிக்கும்போதே, நாளைக்கு நனையப் போறோம்னு தெரிஞ்சுதான் விரிச்சிருக்காங்க. பிறந்ததுல இருந்து தேயிலைக்குள்ள வளந்த எனக்கு மட்டும் அது தோணவே இல்ல. நான் எழுந்து நின்னுட்டேன். படகு ஒரு பக்கமா சாஞ்சுச்சு. "உக்காருடி, கவுந்துரும்!"ன்னு அண்ணன் கத்தினான். படகைத் திருப்புன்னு சொன்னேன். எதுக்குத் திருப்பணும்னு எனக்கே தெரியல. திரும்பிப் போய் என்ன பண்ணப் போறேன்? அண்ணன் திருப்பல. வாழ்க்கையிலயே முதல் தடவையா அவன் அவசரப்பட்டு நான் பார்த்தேன். மோட்டாரை முழுசா முறுக்கி அக்கரைக்கு விட்டான். நான் கரை சேருற வரைக்கும் மலையைப் பார்த்துக்கிட்டே அழுதேன். மலைக்கு நடுவுல மஞ்சள் சேலையில நிக்கிறது அம்மான்னு எனக்குத் தெரியும். இடது தோளைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கொழுந்து எடுக்கிறது அது ஒருத்திதான்.

பதுளையில நேர்முகப் பரீட்சை அறைக்குள்ள நான் போனதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டினாரு. "என்ன பிள்ளை, பெயின்ற் மணம் மாதிரி கிடக்கு? எங்கயிருந்து வாறீர்?"

அவ்வளவுதான் கேட்டாரு. தண்ணியைத் தடுத்து வச்ச கதவைத் திறந்த மாதிரி நான் கொட்டிட்டேன். படகு, தாரு, ரெசின், மடுவம், குழவி, கம்பளி, மலையில நனையுறவங்க எல்லாம். நடுவுல கழுத்தை வேற சொறிஞ்சுக்கிட்டேன். ஆசிரியருக்கு இருக்க வேண்டிய பொறுமை, அடக்கம் ஒண்ணும் என்கிட்ட இல்லைன்னு எழுதிருவாங்கன்னு நினைச்சேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டாரு. அப்புறம் பாடத்துல ரெண்டு மூணு கேள்வி கேட்டாரு. பதில் சொன்னேன். "சரி, கவனமாப் போம்"னாரு. அடுத்த மாசம் நியமனம் வந்துச்சு.

ஆனா நியமனம் வர்றதுக்கு முந்தியே அத்தைக்கு நெஞ்சுச் சளி வந்துருச்சு. அம்மாவுக்கும் காய்ச்சல்தான், அது எழும்பிருச்சு. அத்தை எழும்ப நாளாச்சு. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து கேக்காம பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதாப் போச்சு. அதே படகுலதான் கொண்டு போனோம். எங்கம்மா அத்தையைத் தன் மடியில சாச்சு வச்சுக்கிட்டு, வழி பூரா ஆட்டைத் திட்டிக்கிட்டே வந்துச்சு. அத்தையும் இருமலுக்கு நடுவுல எங்க கோவாவைத் திட்டுச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அத்தை வீட்டுக்கு வந்து வெயில்ல உக்காந்திருந்த ஒரு நாள், நியமனக் கடிதத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். கால்ல விழுந்தேன். "என்னால உனக்கு இப்படி ஆகிப் போச்சே அத்தை"ன்னு அழுதேன். அது கடிதத்தைக் கையில வாங்கல. படிக்கவும் தெரியாது அதுக்கு. "எழும்பு எழும்பு, சீலை அழுக்காகுது. நனையுறது எங்களுக்குப் புதுசாடி? நாங்க எதுக்கும் ஆகாமலே எத்தனை மழையில நனைஞ்சிருக்கோம். இந்த ஒரு மழை ஒரு காரியத்துக்கு ஆச்சு, விடு"ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு, பழையபடி ஆட்டுக்குப் புல்லு போடப் போயிருச்சு.

அண்ணன் போட்ட அந்த ஒட்டு கடைசி வரைக்கும் விடவே இல்ல. படகோட மத்த இடமெல்லாம் ஒவ்வொண்ணா கெட்டுச்சு, மோட்டார் போச்சு, பின் பலகை இத்துப் போச்சு. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஓடைக்குக் கொங்கிரீட் பாலம் வந்ததும் அதைக் கரையேத்தி விட்டுட்டாங்க. அத்தையும் போய்ச் சேர்ந்துருச்சு. நான் இன்னும் மாறல, மழை பெய்ஞ்சா வகுப்புல ஒரு இடத்துல நிக்க மாட்டேன், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். பிள்ளைங்க என்ன டீச்சர்னு கேப்பாங்க. இந்த டீச்சர் கஷ்டப்பட்டுப் படிச்சு, தானே முன்னுக்கு வந்தாங்கன்னு கூட்டத்துல யாராவது என்னைப் புகழ்ந்து பேசினா எனக்குக் கூசுது, ஏன்னா அன்னைக்கு மலையில நனைஞ்சது நான் இல்ல.